விஞ்ஞானச் சொல்லுக்கு நான்கு கட்டமா, அம்புக்குறி வலையா?

கொழும்பில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கலைச்சொற்களைப் படமாக வரைந்து கற்பிக்க முனைவோர் பெரும்பாலும் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்கிறார்கள். 1969இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டொரதி ஃபிரேயரும் சக ஆய்வாளர்களும் வகுத்த முறையில், நடுவே சொல்லை எழுதி வரைவிலக்கணம், இயல்புகள், உதாரணங்கள், உதாரணமாகாதவை என நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். 1972இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் ஆய்வுக்குழு உருவாக்கிய எண்ணக்கரு வரைபடத்திலோ, பல சொற்களை அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வோர் அம்பின்மேலும் தொடர்பை எழுத வேண்டும்.

அன்றாடப் பொருளும் பாடப் பொருளும் முட்டிக்கொள்ளும் சொற்களுக்கு நான்கு கட்டமே பொருத்தம். 'மீனின் நிறை ஒரு கிலோ' என்று வெள்ளவத்தைச் சந்தையில் கேட்டு வளர்ந்த பிள்ளை, கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு என்றும், நிறை என்பது நியூற்றனில் அளக்கப்படும் விசை என்றும் வகுப்பில் படிக்கிறது. போதாக்குறைக்கு, அது வீட்டில் பார்க்கும் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களில் நமது திணிவுக்குப் பெயர் 'நிறை', நமது நிறைக்குப் பெயர் 'எடை'. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது நான்காவது கட்டம்தான். 30 கிலோகிராம் திணிவுள்ள பிள்ளையின் நிறை பூமியில் ஏறத்தாழ 300 நியூற்றன், சந்திரனில் ஏறத்தாழ 50 நியூற்றன் என்பதை உதாரணமாகவும், அரிசிப் பையில் அச்சிட்ட '5 கிலோகிராம்' என்பதை உதாரணமாகாததாகவும் எழுதிய பிள்ளை பிறகு தடுமாறுவது அரிது.

ஆனால் ஒளித்தொகுப்பு போன்ற ஒரு செயன்முறையை நான்கு கட்டத்துக்குள் அடக்கினால், பச்சையம், இலைவாய், காபனீரொட்சைட்டு, மாப்பொருள் ஆகியவை தனித்தனித் தீவுகளாகவே நிற்கும். அங்கே எண்ணக்கரு வரைபடம் வேண்டும். எனினும் அதைத் தமிழில் வரையும்போது பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று செல்லும் ஆங்கில வரிசைக்கு அமைந்த அம்பு அது. 'பச்சையம்' என்ற வட்டத்திலிருந்து 'ஒளி' என்ற வட்டத்துக்கு அம்பு போட்டு, அதன்மேல் 'உறிஞ்சும்' என்று எழுதினால், பிள்ளை அதைப் 'பச்சையம் உறிஞ்சும் ஒளி' என்று பெயரெச்சத் தொடராக வாசிக்கிறது. கூற்று முடியாமலே நின்றுவிடுகிறது. ஆகவே 'பச்சையம் ஒளியை உறிஞ்சுகிறது' என்று ஒவ்வோர் அம்பையும் முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லவைத்து, படத்தின் கீழே எழுதவும் வைக்கிறேன். வேற்றுமை உருபு பிழைத்தால் விளக்கமும் பிழைத்திருப்பது அங்கே உடனே தெரிந்துவிடும். நான்கு கட்டத்தில் இந்தச் சோதனைக்கு இடமே இல்லை.

பிறிஸ்டல் போர்டில் வண்ணக் கிளைகள் விரியும் மனவரைபடம் சுவருக்கு அழகுதான். கிளைகளின்மேல் தொடர்புச் சொல் இல்லாததால் அதை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, நான்கு கட்டம் பத்து நிமிடத்தில் முடியும். எண்ணக்கரு வரைபடம் ஒரு பாடவேளையையே விழுங்கிவிடும். அதனால் அலகின் தொடக்கத்தில் முரண்டுபிடிக்கும் இரண்டு மூன்று சொற்களுக்குக் கட்டமும், அலகு முடிந்தபின், வட்டங்களில் சொற்களை நிரப்பி அம்புகளை மட்டும் வெறுமையாக விட்ட வரைபடமும் கொடுக்கிறேன்.