வாளையார் தாண்டி ஒரு நைட்ரைடிங் கடை: லேயர் அருமை, கழுவல் சரியில்லை

கஞ்சிக்கோடு பக்கம் இருக்கும் இந்த ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்குக் கோயம்புத்தூர், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பட்டறைகளிலிருந்து பம்ப் ஷாஃப்ட், ஹைட்ராலிக் ராடு, வழிகாட்டி பின் எல்லாம் போகின்றன. செய்து தருவது கியூ.பி.கியூ. அதாவது சால்ட் பாத்தில் (உருகிய உப்புத் தொட்டி) நைட்ரைடிங் (நைட்ரஜனை ஏற்றி இரும்பின் மேல்தோலைக் கடினமாக்குவது), ஆக்சிடைசிங் பாத், பாலிஷ், மறுபடியும் ஆக்சிடைசிங். பளபளப்பான கறுப்பில் திரும்பி வரும். ஹார்டு குரோம் போட்ட இடத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இந்த விவரம்.

கொட்டேஷன் தாளின் தலையிலேயே ‘காப்புரிமை பெற்ற ப்ராசஸ்’ என்று போட்டு, அதைச் சொல்லியே கிலோ ரேட்டைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அமோனியாவில் இரும்பைக் கடினமாக்கும் வழிக்கு அடால்ஃப் மாக்லெட் அமெரிக்காவில் முதல் உலகப் போருக்கு முன்பே விண்ணப்பம் போட்டுவிட்டார். 1920களில் ஜெர்மனியில் கிரூப் கம்பெனியின் அடால்ஃப் ஃப்ரை அதற்கேற்ற அலாய் ஸ்டீல்களைக் கொண்டுவந்தார். உருகிய உப்பில் முக்கும் வழியை வளர்த்தது டெகுசா என்ற ஜெர்மன் கெமிக்கல் கம்பெனி. டஃப்ட்ரைட், டெனிஃபர், மெலோனைட் எல்லாம் அந்த ஒரே குடும்பத்தின் வணிகப் பெயர்கள். க்ளாக் துப்பாக்கியால் டெனிஃபர் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது, அவ்வளவுதான். வணிகப் பெயரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். காப்புரிமைக்கு இந்தியாவில் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு, அதோடு சரி. அடிப்படை வழிக்கான காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன. புதிதாக ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் எண்ணைக் கேளுங்கள். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடிவிடலாம். இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொன்னால் காப்புரிமைச் சட்டத்தின் 120ஆம் பிரிவில் அபராதம் உண்டு. எண்ணைக் கேட்டவுடன் ரேட் இறங்குவது நல்ல அறிகுறி.

காசு கொடுக்க வேண்டியது பாத்தைப் பராமரிப்பதற்கு. அதில் இந்தக் கடைக்குக் குறை சொல்ல முடியாது. நைட்ரைடிங் பாத் 580 டிகிரியில் நிற்கிறது. உப்பில் வேலை செய்யும் சரக்கு சயனேட். அது 35 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் லேயர் மெலியும், கூடினால் மேல்புறம் நுண்துளை விழுந்து பஞ்சுபோல் ஆகும். ஷிஃப்டுக்கு ஒரு டைட்ரேஷன் (சயனேட் அளவு பார்க்கும் ரசாயனச் சோதனை) எடுத்து நோட்டில் எழுதுகிறார்கள், கேட்டால் காட்டுகிறார்கள். காற்று ஊதும் குழாயும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் சேரும் இரும்புச் சேற்றைத் தினமும் அள்ளுகிறார்கள். இதைச் சோம்பல்பட்டு விடும் கடையில்தான் ஷாஃப்ட் மேல் கரித்தூள் பிடித்த மாதிரி சொரசொரப்பு வரும். உள்ளே விடுமுன் 350 டிகிரிக்கு மேல் ப்ரீஹீட் செய்வதையும் தவறவிடுவதில்லை. ஈரத்தோடு ஒரு பாகம் உருகிய உப்பில் இறங்கினால் வெடித்துத் தெறிக்கும். இருபக்கமும் அடைத்து வெல்ட் செய்த குழாயை அனுப்பவே கூடாது. ஒரு துளையாவது போட்டு அனுப்புங்கள்.

25 மி.மீ. இ.என்.8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ஷாஃப்டில் 90 நிமிடம் வைத்ததை வெட்டி, பாலிஷ் செய்து, நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும் காம்பவுண்ட் லேயர் சுற்றிலும் சுமார் 15 மைக்ரான். மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்ற வித்தியாசம் இல்லை. அந்தத் தடிமனுக்கு நல்ல வேலை. இதை ராக்வெல் சி-யில் அளந்து ‘கடினமே ஏறவில்லை’ என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. 150 கிலோ பாரத்தில் வைர முனை லேயரைத் துளைத்துக்கொண்டு அடி இரும்பில் போய் உட்கார்ந்துவிடும். மைக்ரோ விக்கர்ஸ், 100 அல்லது 200 கிராம் பாரம், அதுதான் அளவு. பட்டறையிலேயே பார்க்க வேண்டுமென்றால் நல்ல அரத்தை இழுத்துப் பாருங்கள்; பிடிக்காமல் வழுக்க வேண்டும்.

குறை கழுவலில். எம்6 மரை போட்ட அடைப்புத் துளை (மறுபக்கம் திறக்காத துளை) உள்ள பாகங்கள் வரும்போது சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு வாரம் அலமாரியில் இருந்த பிறகு துளை வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு. மரையின் அடியில் தங்கிய உப்பு காற்று ஈரத்தை இழுத்துக் கசிவதுதான் காரணம். கோயம்புத்தூரை விடப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஈரம் அதிகம், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் பூக்கும். ஒரே தொட்டியில் நாள் முழுக்க அலசுகிறார்கள். மாலைக்குள் அந்தத் தண்ணீரே உப்புத் தண்ணீர். செலானிலேயே எழுதிவிடுங்கள்: துளை வாய் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும், 80 டிகிரி வெந்நீரில் இரண்டு தனித்தனித் தொட்டி, ஏர் கன்னால் ஊதி, நீர் விலக்கும் எண்ணெய். எழுதினால் செய்கிறார்கள். எழுதாவிட்டால் இல்லை.

இன்னொன்றைக் கவுன்டரில் கேட்டால் தலையாட்டிவிடுகிறார்கள்: ‘ஸ்டெயின்லெஸும் செய்யாம்.’ செய்யலாம், தேய்மானமும் குறையும். ஆனால் 580 டிகிரியில் குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்துகொள்வதால் துருவை எதிர்க்க ஆளில்லாமல் போகும். 410 கிரேடு சப்மெர்சிபிள் ஷாஃப்டை இதற்கு அனுப்பாதீர்கள். இ.என்.8, இ.என்.19 மாதிரி ஸ்டீல்தான் இதற்குத் தோது. அவற்றில் துரு எதிர்ப்பு உண்மையிலேயே கூடும். ஹார்டன் செய்த இ.என்.31 (பேரிங் ஸ்டீல்) வேண்டாம். 60 எச்.ஆர்.சி.யில் (ராக்வெல் சி அளவு) இருந்த உட்பகுதி இந்தச் சூட்டில் டெம்பர் ஆகி (கடினம் தளர்ந்து) இறங்கிவிடும். இ.என்.19 என்றால் 600 டிகிரிக்கு மேல் டெம்பர் ஆனதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பித்தளை புஷ், ஜிங்க் பூசிய கட்டுக்கம்பி எதுவும் கூட வரக்கூடாது.

அளவு: விட்டத்தில் 5 முதல் 10 மைக்ரான் வளரும் என்று வைத்து, கிரைண்டிங்கை முன்பே முடித்து அனுப்புங்கள். திரும்பி வந்தபின் கிரைண்ட் செய்தால் காசு கொடுத்து வாங்கிய லேயரைக் கல்லில் தேய்த்துப் போடுகிறீர்கள். நீளமான ஷாஃப்ட் வளைந்து வந்தால் கடையைத் திட்டுமுன், கடைசிக் கிரைண்டிங்குக்கு முன்னால் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடேற்றி உள் இறுக்கத்தைத் தளர்த்துவது) செய்தீர்களா என்று பாருங்கள். குற்றம் பெரும்பாலும் நம் பக்கம்தான்.

ஜாப் ஒர்க்குக்கு மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் ஈ-வே பில் வேண்டும். 50,000 ரூபாய்க்குக் கீழே தேவையில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. நான்கு ஷாஃப்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களும் போட்டுவிட்டுப் போங்கள். ‘நாளெ தராம்’ என்றால் மூன்று நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அடைப்புத் துளை ஒன்றில் வெள்ளைத் துணியைத் திரித்து விட்டு, உப்பு ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.