பவர் பிஐ கணிப்பு நிரல்: மீன் கணக்கில் சில வருடப் பாவனை

எக்செல் பழகிய கை, தரவை அறிக்கையாகவும் வரைபடமாகவும் காட்டும் மைக்ரோசொஃப்டின் பவர் பிஐக்குள் வந்ததும் முதலில் தேடுவது ‘நியூ கொலம்’ பொத்தானைத்தான். கிலோவை விலையால் பெருக்கு, தொகை வந்துவிடும். இப்படிச் சூத்திரத்தால் உண்டாகும் நிரலைத்தான் (column) கணிப்பு நிரல் என்கிறேன். திருகோணமலையில் ஒரு மீன் மொத்த வியாபாரத்தின் கணக்கைச் சில வருடங்களாக இதில்தான் பார்த்து வருகிறேன். கொட்பே, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுகிற தொழில். கொள்வனவு அட்டவணையில் திகதி, வள்ளம், இறங்குதுறை, மீன் வகை, கிலோ, கிலோ விலை இருக்கும். பெரிய தரவு ஒன்றும் இல்லை. ஆனாலும் கணிப்பு நிரலின் குணம் முழுக்கத் தெரிந்துகொள்ள இது போதும். நல்ல கருவி. தேவைப்படும் இடங்கள்தான் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிப்பு நிரல் தரவு ரிஃப்ரெஷ் ஆகும்போது ஒவ்வொரு நிரையாகக் கணக்கிடப்பட்டு, மொடலுக்குள்ளேயே (அட்டவணைகளும் அவற்றின் தொடர்புகளும் சேர்ந்த தொகுப்பு) சேமிக்கப்படும். அதன் பிறகு ஸ்லைசரில் (பக்கத்தில் தட்டித் தெரிவு செய்யும் வடிகட்டி) நீங்கள் மூதூரைத் தட்டினாலும் கிண்ணியாவைத் தட்டினாலும் அந்த மதிப்பு அசையாது. சூத்திரத்தின் மற்ற வகையான மெஷர் அப்படியில்லை. பக்கத்தைத் திறக்கும் நேரத்தில், அப்போது எந்த வடிகட்டல் இருக்கிறதோ அதற்கேற்பக் கணக்குப் போட்டுத் தரும், எங்கும் சேமிக்காது. இரண்டையும் எழுதுவது ஒரே டாக்ஸ் மொழியில்தான். 2010 எக்செல்லுக்கான பவர் பிவட்டில் வந்த மொழி, 2015இல் பவர் பிஐ பொதுப் பாவனைக்கு வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது. ஒரே மொழியாக இருப்பதால்தான் குழப்பமும்.

குழப்பம் அதிகம் வருவது விகிதத்தில். அறுக்குளா மீன் ஒரு நாள் 100 கிலோ, கிலோ 2,000 ரூபா. மற்றொரு நாள் 10 கிலோ, கிலோ 3,000. விலை நிரலைச் சும்மா சராசரி எடுத்தால் 2,500. உண்மையில் 110 கிலோவுக்குக் கொடுத்த காசு 2,30,000, ஆகவே கிலோ 2,090 சொச்சம். நானூறு ரூபா வித்தியாசத்தில் முதலாளி கொழும்புக்கு விலை பேசினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சராசரி விலை, இலாப வீதம், ஐஸ் கழிவு வீதம் எல்லாமே மெஷராக இருக்க வேண்டியவை. மொத்தத்தை மொத்தத்தால் ‘டிவைட்’ செய்தால் போதும். தொகை நிரல்கூட அவசியமில்லை. ‘சம்எக்ஸ்’ என்ற ஃபங்ஷன் நிரை நிரையாகப் பெருக்கிக் கூட்டித் தந்துவிடும்.

சரி, நிரல் எங்கே வேண்டும்? ஸ்லைசரில், வரைபடத்தின் அச்சில், அட்டவணைத் தலைப்பில் வைத்துப் பிரித்துப் பார்க்கிற எதுவும் நிரலாகத்தான் இருக்க வேண்டும். மெஷரை அங்கே வைக்க முடியாது. எங்களுக்கு முதல் தேவை பருவம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை (வடகிழக்குப் பருவக்காற்று), மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று), மிச்சம் இடைக்காலம் என்று ‘ஸ்விட்ச்’ ஃபங்ஷன் போட்டு ஒரு நிரல். வாடையில் சின்ன வள்ளங்கள் கடலுக்குப் போகாத நாட்கள் அதிகம். அந்த மாதங்களைக் கச்சான் மாதங்களோடு ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அடுத்தது வரி வருடம். இங்கே ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது, மென்பொருள் தானாகத் தரும் வருடமோ ஜனவரியில் தொடங்கும். இரண்டு நிரலும் கொள்வனவு அட்டவணையில் இல்லை, நாட்காட்டி அட்டவணையில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு நிரைதான் என்பதால் சுமையே கிடையாது.

நான் மிகவும் விரும்பும் நிரல் வேறொன்று. ஒவ்வொரு கொள்வனவுக்கும், அதே வள்ளம் அதற்கு முன் எங்களிடம் மீன் போட்டது எத்தனை நாளைக்கு முன் என்று கணக்கிடும் நிரல். எக்செல்லில் மேல் வரியைத் தொட்டுக் கழித்தால் முடிந்தது. டாக்ஸில் ‘மேல் வரி’ என்று ஒன்றே இல்லை, நிரைகளுக்கு வரிசை கிடையாது. இந்த நிரையின் வள்ளத்தையும் திகதியையும் ‘வார்’ மாறிகளில் பிடித்துக்கொண்டு, முழு அட்டவணையிலும் அதே வள்ளத்தின், இதைவிட முந்திய திகதிகளை வடிகட்டி, அதில் பெரியதை எடுக்க வேண்டும். பழைய குறிப்புகளில் இதற்கு ‘இயர்லியர்’ என்ற ஃபங்ஷனைக் காட்டுவார்கள். படித்தால் தலை சுற்றும், மாறிகளே தெளிவு. ஒவ்வொரு நிரைக்கும் அட்டவணையைத் துழாவுவதால் நிரை கூடக்கூட ரிஃப்ரெஷ் மெதுவாகும். அந்தச் செலவை நான் மனதாரக் கொடுக்கிறேன். பல நாள் படகுக்கு இடைவெளி நீளமாக இருப்பது சாதாரணம். தினம் போய்வரும் வள்ளம், அதுவும் முற்பணம் வாங்கிய வள்ளம், நல்ல கச்சான் காலத்தில் ஏழெட்டு நாள் காணாமல் போய் வருகிறதென்றால் மீன் வேறு வாடியில் (கரையோர மீன் கொட்டிலில்) இறங்குகிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியை இரண்டு நாள்வரை, ஒரு கிழமைவரை, அதற்கு மேல் என்று வகுத்து வரைபடத்தில் போட்டபோது, முதலாளி வேறு எந்தப் பக்கத்தையும் திருப்பவில்லை.

நான் பொறுப்பெடுத்த மொடலை முன்பு ஒருவர் கட்டிவைத்திருந்தார். வேறு அட்டவணையில் தேடி மதிப்பை எடுத்து வரும் எக்செல்லின் வீலுக்அப் பழக்கம் அதில் அப்படியே தெரிந்தது. மீன் வகை அட்டவணையிலிருந்து ‘ரிலேட்டட்’ மூலம் பெயர், இனம், தரம் என்று எல்லாவற்றையும் கொள்வனவு அட்டவணைக்கு இழுத்திருந்தார். இரண்டு அட்டவணைக்கும் நடுவில் தொடர்பு இருக்கும்போது இது வீண். மீன் வகை அட்டவணையின் நிரலையே நேராக வரைபடத்தில் போடலாம். இன்னும் மோசமானது, திகதியையும் துறையையும் வள்ளத்தையும் ஒட்டிச் செய்த ஒரு நீளமான எழுத்து நிரல். பவர் பிஐக்குள் தரவைக் கையாளும் எஞ்சின் அதை நிரல் நிரலாகச் சுருக்கி வைக்கிறது. ஒரு நிரலில் வேறுபட்ட மதிப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்றாகச் சுருங்கும். பருவம் என்றால் மூன்றே மதிப்பு. ஒட்டிய நிரலில் ஏறக்குறைய ஒவ்வொரு நிரையும் புதிது. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தாலும் நினைவக இடம் குறையாது. டாக்ஸ் ஸ்டூடியோ என்ற இலவசக் கருவியில் எந்த நிரல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். அதில் முதலிடத்தில் இருந்தது இந்த நிரல்தான். புரோ உரிமத்தில் ஒரு மொடலுக்கு 1 ஜிபி எல்லை இருப்பதால் இதெல்லாம் ஒருநாள் காசாகவும் வந்து நிற்கும்.

அதே நிரையில் உள்ள மதிப்புகளை மட்டும் வைத்துச் செய்யக்கூடியதை, தரவை உள்ளே எடுக்கும்போதே திருத்தும் பகுதியான பவர் குவெரியில் செய்வதே மேல். அங்கே செய்த நிரல் மற்றத் தரவோடு சேர்ந்து சுருக்கப்படும். டாக்ஸ் நிரலோ சுருக்கம் முடிந்த பிறகுதான் கணக்கிடப்படுகிறது, அதனால் சில வேளை கொஞ்சம் அதிக இடம் எடுக்கும். வள்ள இடைவெளி போல மொடல் முழுவதையும் பார்த்துச் செய்வதை மட்டும் டாக்ஸுக்கு விடுகிறேன்.

வட்டச் சார்பு (இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது) என்ற பிழை வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு நிரையையும் தனியாக அடையாளம் காட்டும் தனித்துவச் சாவி இல்லாத அட்டவணையில் ‘கால்குலேட்’ ஃபங்ஷனைப் பாவித்து இரண்டு நிரல் போட்டால் ஒன்று மற்றதைச் சார்ந்ததாக எஞ்சின் எடுத்துக்கொள்ளும், அதுதான் காரணம். பருவத்தின் பெயரை வைத்து வரிசை எண் செய்து, அந்த எண்ணாலேயே பெயரை வரிசைப்படுத்தப் போனாலும் இதே பிழைதான். எண்ணை நேராகத் திகதியிலிருந்து எடுத்தால் தீரும்.

கடைசியாக, இன்றைய திகதியைத் தரும் ‘டுடே’ ஃபங்ஷன். முற்பணம் கொடுத்து எத்தனை நாள் என்ற நிரல் ரிஃப்ரெஷ் நடந்த அன்றோடு நின்றுவிடும், மின்சாரம் போய்க் கணினி அணைந்திருந்தால் நேற்றைய எண்தான் இன்றும். அதற்கு மேல், பவர் பிஐ இணையச் சேவையில் ‘டுடே’ தருவது உலகப் பொது நேரத்தின் திகதி. நாங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மீன் வியாபாரமோ விடியற்காலைத் தொழில். காலை ஐந்து மணிக்கு ரிஃப்ரெஷ் போட்டால் அங்கே இன்னும் நேற்று. ரிஃப்ரெஷ் நேர ஒழுங்கில் இலங்கை நேர வலயத்தைத் தெரிவு செய்தாலும் இது மாறாது, ஓடவேண்டிய நேரத்தை மட்டும்தான் அது தீர்மானிக்கும். நாள் எண்ணிக்கையை மெஷராக்கிவிட்டேன். 30 நாள் தாண்டியவற்றைத் தனியாகப் பிரிக்கும் நிரல் மட்டும் இருக்கிறது, அதில் உலகப் பொது நேரத்தைத் தரும் ‘யுடிசிநவ்’ உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திகதியை மட்டும் எடுக்கிறேன்.