ஷென்சென் ஹுவாச்சியாங்பெய் சந்தை: உதிரிபாகம் வாங்கப் போகிறவர்களுக்கு

எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகமும் செல்போன் சர்வீஸ் சாமானும் வாங்க, சீனாவின் ஷென்சென் நகரத்தில் இருக்கும் ஹுவாச்சியாங்பெய் சந்தைப் பகுதியை விடச் சிறந்த இடம் இல்லை. இயர்போன், வாட்ச் வாங்க மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஹாங்காங்கிலிருந்து லோவு எல்லையைத் தாண்டினால் லுவோஹு மெட்ரோ நிலையம். முதல் லைனில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹுவாச்சியாங் லூ, சந்தைக்கு அங்கேதான் இறங்க வேண்டும். பத்து மணிக்கு முன்னால் போனால் பாதிக் கவுன்டர்கள் மூடியிருக்கும். பகல் 12 மணிக்கு மேல் கடைக்காரர்கள் சாப்பாட்டிலும் குட்டித் தூக்கத்திலும் இருப்பார்கள், பேரத்தை அப்போது தொடங்காதீர்கள்.

இங்குள்ள செக் (SEG) எலெக்ட்ரானிக்ஸ் சந்தை 1988 முதல் இருக்கிறது; இப்போது செக் பிளாசா என்ற உயரமான கட்டடத்தின் கீழ்த்தளங்களில் இயங்குகிறது. சந்துகள் எல்லாம் ஒன்று போலவே இருப்பதால் விசிட்டிங் கார்டோடு கவுன்டர் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடிக்குள் இருப்பது சாம்பிள்தான். சரக்கு வெளியே குடோனிலிருந்து வரும், அரை மணி நேரம்கூட ஆகலாம். வந்ததும் பிரித்து சாம்பிளோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். சாம்பிளுக்குப் பதில் வேறு சரக்கு நுழைவது இந்த இடைவெளியில்தான்.

ஐசி (சிப்) வாங்கும்போது ரொம்பவே நிதானம் வேண்டும். பழைய போர்டிலிருந்து கழற்றிய ஐசியின் மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, புது எண் பொறித்து விற்பது உண்டு. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டி வந்தால் வேண்டாம். ஐசியின் முதல் பின் (கால்) எது என்று காட்டும் சின்னக் குழி பூச்சால் நிரம்பியிருந்தாலும், ஒரே ட்யூபில் இருப்பவற்றுக்குள் குழியின் ஆழம் மாறினாலும் சந்தேகப்படலாம். கழற்றிய சரக்கு என்று சொல்லியே விற்பவர்களும் இருக்கிறார்கள். ரிப்பேருக்கு அது போதும், விலையும் குறைவு. போர்டின் மேல் ஒட்டும் குட்டி ரெசிஸ்டர் 0603 என்ற அளவில் ஒரு ரீலில் 5,000 எண்ணம் வரும். அவ்வளவு வேண்டாதவர்கள் சாம்பிள் புத்தகம் கேளுங்கள்: 170 ரெசிஸ்டர் மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 50 எண்ணம். வேலை மேசைக்கு அது அருமையான பொருள்.

ஐபோன் டிஸ்ப்ளேயில் ஒரே மாடலுக்கு நாலைந்து தரம் உண்டு: ஒரிஜினல் பேனலில் கண்ணாடி மட்டும் மாற்றியது, சாஃப்ட் ஓஎல்இடி (வளையும் அடித்தளத்தில் செய்தது), ஹார்டு ஓஎல்இடி, ஓஎல்இடிக்குப் பதில் வரும் இன்செல் எல்சிடி. தரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியான விலை வரும். ஹார்டு ஓஎல்இடி கண்ணாடி அடித்தளத்தில் செய்தது, பொருத்தும்போதே ஓரம் விரிசல் விடும். இன்செல் தடிமனானது, கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். கவுன்டரிலேயே டெஸ்டரில் மாட்டச் சொல்லி வெள்ளை, கறுப்புத் திரைகளைப் பாருங்கள், மூலைக்கு மூலை விரலை இழுத்துப் பாருங்கள். பாதுகாப்பு ஃபிலிமை உரித்தாலோ தேதி ஸ்டிக்கரைக் கிழித்தாலோ திரும்ப எடுக்க மாட்டார்கள்.

பணத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அலிபே என்ற சீனப் பேமென்ட் ஆப்பில் நம் விசா, மாஸ்டர் கார்டை இணைக்கலாம். 200 யுவான் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் 3 சதவீதம். ஆனால் சிறு கவுன்டர்களில் தொங்குவது பல நேரம் கடைப் பெயரில் இல்லாத தனிநபர் க்யூஆர். வெளிநாட்டுக் கார்டு அதில் வேலை செய்யாது. வணிகர் க்யூஆர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், கொஞ்சம் யுவான் நோட்டும் வைத்திருங்கள். வாட்ஸ்அப் சீன இணையத்தில் திறக்காது. ஊரிலிருந்து ரோமிங் போட்டு வந்தால் திறக்கும். கவுன்டர்காரர்கள் எல்லாரும் பேசுவது வீசாட் என்ற சீன மெசேஜ் ஆப்பில்.

கால்குலேட்டரில் அடித்துக் காட்டும் விலை பில் இல்லாத விலை. கஸ்டம்ஸுக்கு இன்வாய்ஸ் வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள், கடைசியில் கேட்டால் விலை ஏறும். மெமரி கார்டு வாங்கினால் அன்றிரவே முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 256 ஜிபி என்று காட்டும் கார்டில் 32 மட்டும் இருக்கலாம். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவருக்குள். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இல்லாத பவர்பேங்க்கை ஏற்றுவதில்லை. வாங்கும்போதே முத்திரையைப் பார்த்துவிடுங்கள்.