ரிச்சி தெருவில் பழைய 1050 டிஐ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

5,800 ரூபாய் கைவிட்டுப் போன கடுப்பில் எழுதுகிறேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்புகிறவர்கள், அதிலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், படித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் இருப்பது லினக்ஸ் மிண்ட் 22. சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு வீடியோக்களை கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ரெண்டர் போட்டால் பிராசஸர் இட்லிக் குண்டான் மாதிரி கொதிக்கும். என்விடியா கார்டு ஒன்று இருந்தால், அதிலுள்ள என்வென்க் என்ற வீடியோ என்கோடிங் வசதி அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். என் பட்ஜெட்டுக்கு எட்டியது செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ.

சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்து, குறுகலான படியேறி ஒரு மாடிக் கடைக்குப் போனேன். கடையிலிருந்த தம்பி கார்டைத் தங்கள் விண்டோஸ் மெஷினில் செருகிக் காட்டினார். திரையில் "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி" என்று பளிச்சென்று வந்தது. "விஜிஏ போர்ட்டும் இருக்கு சார், பழைய மானிட்டருக்கும் ஆகும்" என்று பெருமை வேறு. அந்த நீலத் துளையைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஜிபேயில் பணம் அனுப்பினேன். கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு ஒன்று தந்தார்கள், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி.

வீட்டில் மாட்டினேன். படம் வந்தது. ஆனால் கேடென்லைவில் என்வென்க் வேலை செய்யவில்லை. மிண்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், உங்கள் கணினிக்குக் கூடுதல் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) எதுவும் தேவையில்லை என்கிறது. என்விடியா கார்டுக்கு டிரைவர் தேவையில்லையா? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டெர்மினலில் 535 வரிசை டிரைவரை நானே நிறுவினேன். ரீஸ்டார்ட் செய்ததும் திரை 1024க்கு 768 என்று சுருங்கி, எழுத்தெல்லாம் ஊதிப்போய் நின்றது.

அப்புறம் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். செக்யூர் பூட்டை அணைத்தேன். கர்னல் ஹெட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். ஆபீஸ் வேலை நெருக்கடிக்கு நடுவே ஒரு வாரம் இப்படியே ஓடியது. "லினக்ஸ்னாலே இந்தத் தலைவலிதான்" என்று வீட்டில் சொன்னபோது, உண்மையில் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில்தான் லினக்ஸ் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் கர்னல் பதிவைப் பொறுமையாகப் படித்தேன். இந்த ஜிபியுவுக்கு 390 வரிசை பழைய டிரைவர்தான் பொருந்தும், 535 இதைக் கண்டுகொள்ளாது என்று என்விடியா டிரைவரே எழுதி வைத்திருந்தது. 390 என்பது 2010, 2011 காலத்து ஃபெர்மி தலைமுறை கார்டுகளுக்கானது. அதற்கான ஆதரவை என்விடியா 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. 2016-ல் வந்த 1050 டிஐக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உள்ளே செருகியிருக்கும் சிப்பின் பெயரைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினேன். ஜிஎஃப்116 என்று வந்தது. அது 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். 535ஐக் கழற்றிவிட்டு, லினக்ஸோடு வரும் நூவோ டிரைவரில் பார்த்தால் நினைவகம் 1024 எம்பி. நாலு ஜிபி எங்கே போனதோ!

விஷயம் இதுதான். பழைய சிப் இருக்கும் கார்டின் பயாஸில், அதாவது அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அதற்கேற்ற டிரைவரைக் கடை விண்டோஸில் போட்டு வைத்திருந்தால், அது எழுதிக் கொடுத்த பெயரை அப்படியே ஒப்பிக்கும். என்வென்க் 2012-ல் அடுத்த தலைமுறையான கெப்ளரோடு வந்த வசதி, ஃபெர்மியில் கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றுக்குத்தான் ஒரு வாரம் டிரைவர் தேடியிருக்கிறேன். நான் ரசித்த அந்த விஜிஏ துளை இருக்கிறதே, அதுவே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்: 1050 டிஐயின் பாஸ்கல் தலைமுறை சிப்பில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே இல்லை.

ஒன்பதாம் நாள் கடைக்குப் போனேன். "லினக்ஸ்ல தப்பாத்தான் சார் காட்டும், விண்டோஸ் போடுங்க." ஜிபியு-இசட் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளை உங்கள் மெஷினிலேயே ஓட்டுங்கள் தம்பி என்றேன். 2018 முதல் அது இப்படிப்பட்ட கார்டுகளைப் போலி என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுக் காட்டும். நெட் இல்லை என்றார். முதலாளி வந்து, ஏழு நாள் முடிந்துவிட்டது, வேண்டுமானால் 1,500க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுத்துவிட்டு வந்தேன். ஜிபே ரசீதையும் எஸ்டிமேட் சீட்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. சரியான பில் இருந்திருந்தால் என் கை இன்னும் ஓங்கியிருக்கும்.

அந்தத் தெருவில் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். போன சனிக்கிழமை, நிறுவாமலே மிண்டை ஓட்டும் லைவ் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் போனேன். இரண்டு கடைகளில் அதைப் பார்த்ததுமே "வேற கடை பாருங்க சார்" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், ஒரு பெரியவர், "போட்டுப் பாருங்க, எனக்கென்ன" என்று டெஸ்ட் மெஷினை என் பக்கம் திருப்பினார். பென்டிரைவில் பூட் ஆகி, எல்எஸ்பிசிஐயில் ஜிபி107 என்று 1050 டிஐயின் அசல் சிப் பெயர் வந்த பிறகுதான் ஜிபேயைத் திறந்தேன்.