29 இன்ச் சக்கரத்துக்கு எந்த ரிம்? கார்பனை விட்டு அலுமினியம் எடுத்த காரணம்

போன வருடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவில் இறங்கும்போது பின் சக்கரம் பாறை விளிம்பில் சரியாக மோதியது. நீலகிரியின் சார்னோகைட் பாறை எவ்வளவு கெட்டி என்று அங்கே சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். சைக்கிளோடு வந்த பழைய ரிம் இரண்டு இடத்தில் நசுங்கி, ஒரு இடத்தில் ஸ்போக் கம்பித் துளையை ஒட்டி விரிசலும் விட்டுவிட்டது. அதன்பிறகுதான் இரண்டு சக்கரத்தையும் புதிதாகவே கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

என் கணக்கு இது. எடை 78 கிலோ. 29 இன்ச் ஹார்ட்டெய்ல், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள்; முன்னால் மட்டும் 120 மி.மீ. சஸ்பென்ஷன், 2.4 இன்ச் ட்யூப்லெஸ் டயர். ஹப் (சக்கரத்தின் நடு உருளை) இரண்டும் ஷிமானோ எக்ஸ்டி, பூஸ்ட் என்கிற அகல அளவு, 32 கம்பித் துளை. ஹப் கையில் இருந்ததால் ரிம்தான் கேள்வி. டிஸ்க் பிரேக்குக்கு ஏற்றது, ட்யூப்லெஸ் போடக்கூடியது என்பதெல்லாம் இன்று எந்த நல்ல ரிம்மிலும் இருக்கிறது. அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

கடைசியில் நான்கு வழிகள் மிஞ்சின: டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் அலுமினிய ரிம்களான எக்ஸ்ஆர் 391, எக்ஸ்எம் 481, இஎக்ஸ் 511, அப்புறம் சீனாவின் சியாமென் பக்கம் செய்து நேரடியாக அனுப்பும் 30 மி.மீ. கார்பன் ரிம்.

எக்ஸ்ஆர் 391-ஐ சீக்கிரமே கழித்துவிட்டேன். 29 இன்ச்சில் சுமார் 400 கிராம். அலுமினியத்தில் இது அருமையான எடை. ஆனால் உள் அகலம் 25 மி.மீ. 2.2, 2.25 டயர் போட்டு கிராஸ் கன்ட்ரி ஓட்டுகிறவருக்குப் பொருந்தும். 2.4 டயரைக் குறைந்த காற்றில் ஓட்டினால் வளைவில் டயர் பக்கவாட்டில் சாய்வது தெரியும். என் எடைக்கும் அந்தப் பாறைக்கும் இது மெல்லிய ரிம்.

மிச்சம் மூன்றுமே 30 மி.மீ. உள் அகலம். எக்ஸ்எம் 481 ஐந்நூறு கிராமுக்குச் சற்று மேலே, இஎக்ஸ் 511 அறுநூறை ஒட்டி, நான் பார்த்த கார்பன் ரிம் 430 கிராம் அளவில்.

எல்லோரும் முதலில் கேட்பது எடை என்பதால் அதை முடித்துவிடலாம். சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடை வேகம் எடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்கில் வரும் என்பது உண்மைதான். ஆனால் எதன் மேல் இரண்டு மடங்கு? எக்ஸ்எம் 481-க்குப் பதில் கார்பன் போட்டால் இரண்டு சக்கரத்திலும் சேர்த்து 170 கிராம் குறையும். நானும் சைக்கிளும் சேர்ந்து 91 கிலோவுக்கு மேல். இரண்டு மடங்காகவே எடுத்துக்கொண்டாலும் ஆயிரத்தில் நாலு பங்குகூட வரவில்லை. ஏற்றத்தில் ஒரே சீராக மிதிக்கும்போது அந்த இரண்டு மடங்கும் கிடையாது. டயரைத் தேர்ந்தெடுப்பதிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும். கார்பன் ரிம்மைக் காப்பாற்ற டயருக்குள் நுரை வளையம் போடுகிறவர்களும் உண்டு. மிச்சம் பிடித்த எடை அதிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

கார்பனுக்கு நியாயம் செய்ய வேண்டும். நண்பர் ஒருவரின் சைக்கிளில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். அனுபவம் அவ்வளவுதான்; அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வேர்கள் குறுக்கே கிடக்கும் வளைவில் சைக்கிள் பிடித்த பாதையை விடாமல் போனது. பெடலை ஓங்கி மிதித்தால் உடனே பாய்கிறது. கோட்டம் (சக்கரம் நெளிந்து ஆடுவது) விழுவதே அபூர்வம்: கார்பன் வளைந்து அப்படியே நிற்காது, ஒன்று தாங்கும், இல்லையென்றால் உடையும். ஆனால் சின்னச் சின்னக் கற்கள் நிறைந்த பாதையில் மணிக்கட்டு வலித்தது. அது ரிம்மாலா, அவர் வைத்திருந்த காற்றாலா என்று அந்த இரண்டு நாளில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த விறைப்பைக் குறைக்கவே ஸிப் என்ற சக்கர நிறுவனம் 2019-இல் ஒற்றைச் சுவர் கார்பன் ரிம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் விலை என் சைக்கிளுக்கு ஒவ்வாதது.

நான் எடுத்த முடிவுக்குக் காரணம் எடையும் இல்லை, விறைப்பும் இல்லை. ரிம் உடைந்த மறுநாள் என்ன ஆகும் என்ற ஒரே கேள்விதான்.

அந்த நண்பரின் பின் ரிம் பிறகு ஒருநாள் விரிசல் விட்டது. தயாரிப்பாளர் வாரண்டியை மதித்து, பேச்சில்லாமல் புது ரிம் அனுப்பினார். அது வந்து சேர ஏழு வாரம் ஆனது, சுங்கம் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. சரி, அதுகூடப் பொறுக்கலாம். இடையில் அந்த மாடலை மாற்றியிருந்தார்கள். பெயர் அதே, அகலம் அதே, இ.ஆர்.டி. மட்டும் 5 மி.மீ. குறைந்திருந்தது.

சக்கரம் கட்டாதவர்களுக்கு இந்த இ.ஆர்.டி. வெறும் எழுத்தாகத் தெரியலாம். ரிம்முக்குள் நிப்பிளில் (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டு) கம்பியின் நுனி போய் நிற்கும் இடம் இருக்கிறதல்லவா, எதிரெதிரான இரண்டு துளைகளில் அந்த இரண்டு நுனிகளுக்கும் இடையே உள்ள விட்டம்தான் அது. அது 2 மி.மீ. மாறினால் கம்பி நீளம் சுமார் 1 மி.மீ. மாற வேண்டும். 5 மி.மீ. குறைந்தால் பழைய கம்பி இரண்டரை மி.மீ. நீளம் அதிகம். இறுக்கிக்கொண்டே போனால் மரை தீர்ந்து நிப்பிள் நின்றுவிடும், கம்பி நிப்பிளுக்கு மேலே துருத்திக்கொண்டு வரும். ஆகவே நல்ல நிலையில் இருந்த 32 கம்பிகளையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். வேண்டிய நீளத்தில் கம்பி வர இன்னும் பத்து நாள். இலவசமாக வந்த ரிம்முக்காக அவர் செலவழித்ததில் ஒரு அலுமினிய ரிம்மே வாங்கியிருக்கலாம்.

இ.ஆர்.டி. மாறாத ரிம் என்றால் வேலை எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். எல்லா நிப்பிளையும் தளர்த்த வேண்டும். புது ரிம்மைப் பழைய ரிம்மோடு ஒட்டிவைத்து, வால்வுத் துளை இரண்டும் நேராக இருக்கும்படி மூன்று நான்கு இடத்தில் டேப் சுற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கம்பியாகப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றிக்கொண்டே போனால், பின்னல் கலையாமல் சக்கரம் இடம் மாறிவிடும். பிறகு கோட்டம் எடுத்து இறுக்கம் பார்க்க வேண்டியதுதான். வீட்டிலேயே ஒரு மாலையில் முடிகிற வேலை.

கோவையில் எனக்குச் சக்கரம் கட்டப் பழக்கிய மெக்கானிக் அண்ணன் கார்பன் வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. "எதை வேணும்னாலும் போடுங்க தம்பி, ஆனா ரெண்டு வருசம் கழிச்சு அதே ரிம் கிடைக்குமான்னு கேட்டுக்குங்க" என்றார். எக்ஸ்எம் 481 பல வருடமாக அதே பெயரில் வந்துகொண்டிருக்கும் ரிம், உலகம் முழுக்கச் சக்கரம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. அதற்காக அது என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பி உட்காரவில்லை. இரண்டுக்குப் பதில் மூன்றாக வாங்கினேன். முன்னும் பின்னும் ஒரே ரிம், ஒரே துளை எண்ணிக்கை என்பதால் மூன்றாவது எந்தப் பக்கத்துக்கும் உதவும். கப்பல் செலவும் சுங்கமும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு கார்பன் ரிம்மின் விலை இரண்டு எக்ஸ்எம் 481-ஐத் தாண்டியது. அதாவது மாற்று ரிம்மையும் சேர்த்த பின்னும் கார்பன் ஜோடியைவிட எனக்குக் குறைவாகவே ஆனது.

அலுமினியத்தில் இன்னொரு வசதி, அது ஒடுக்கு விழுந்தாலும் வீடு வந்து சேர்க்கும். ஓர விளிம்பு உள்ளே மடிந்தால் டயரைக் கழற்றி, பக்கத்துக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்பேனர் வாயில் துணி சுற்றி மெதுவாக வெளியே இழுத்தால் காற்று நிற்கும் அளவுக்கு வந்துவிடும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை அப்படி இழுக்கக்கூடாது. அலுமினியம் அங்கே களைத்துப்போய் விரிசல் விடும்.

இஎக்ஸ் 511 விஷயத்தில் மட்டும் மனசு இன்னும் முழுதாகத் தெளியவில்லை. எண்டியூரோ என்கிற கரடுமுரடான மலைச் சரிவு ஓட்டத்துக்கென்றே செய்தது, ஓரச் சுவர் தடிப்பு. பின்னால் அதைப் போட்டிருந்தால் எடை எண்பது கிராம் போல ஏறியிருக்கும், ஒடுக்கு குறைந்திருக்கலாம். 90 கிலோவுக்கு மேல் இருப்பவரோ, படிக்கட்டுப் பாறைகளில் குதித்து இறங்குபவரோ என்றால் பின்னுக்கு அதையே எடுங்கள் என்பேன். ஒரே மாற்று ரிம் இரண்டு பக்கத்துக்கும் உதவ வேண்டும் என்பதற்காகத்தான் நான் விட்டேன்.

மையம் விலகிய துளைகள் கொண்ட ரிம்மையும் பின் சக்கரத்துக்கு யோசித்தேன். என் பின் சக்கரத்தில் இடப்பக்க இறுக்கம் வலப்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கிறது. துளை சில மில்லிமீட்டர் விலகினால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும், கம்பி தளர்வதும் குறையும். நல்ல யோசனைதான். ஆனால் கையில் நான் கட்டிப் பார்த்ததில்லை.

கட்டியது இப்படி: நடுவில் 1.8 மி.மீ.க்கு மெலிந்த டிடி காம்பெட்டிஷன் கம்பி, மூன்று குறுக்குப் பின்னல் (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் கடந்து போகும்), பித்தளை நிப்பிள், அதற்குக் கீழே வாஷர். அலுமினிய நிப்பிள் போட்டிருந்தால் சக்கரத்துக்கு இருபது கிராம் குறைந்திருக்கும். மழையிலும் சேற்றிலும் அது இறுகிப்போய்த் திரும்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். கார்பன் எடுக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப் பொடியும். கடற்கரை ஊர்க்காரர்கள் பித்தளையே போடுங்கள்.

கட்டி 14 மாதம் ஆகிறது. முன் சக்கரம் ஒருமுறைகூடக் கோட்டம் எடுக்கவில்லை. பின் சக்கரத்தை முதல் மாதத்திலும் மழைக்குப் பிறகும் இறுக்கம் சரிபார்த்தேன். பின் ரிம்மில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஒடுக்கு. காற்று 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருந்த ஒரு நாள் விழுந்தது, என் தப்பு. அதன்பிறகு பின்னால் 24 வைக்கிறேன். மூன்றாவது ரிம் பரணில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.