இரண்டு நாள் பயிற்சியில் எது வகுப்பறை வரை வருகிறது? தேர்தலும் சட்டமன்றமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பயன்பாட்டு அனுபவப் பகிர்வு

எட்டாம் வகுப்பில் ‘மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது’, ஒன்பதில் ‘தேர்தல், அரசியல் கட்சிகள் மற்றும் அழுத்தக் குழுக்கள்’, பத்தில் மத்திய அரசும் மாநில அரசும். சென்னையில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு இவை ஆண்டுதோறும் வரும் பாடங்கள். இவற்றுக்கான இரண்டு நாள் பயிற்சி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும்: முதல் நாள் மாதிரி வாக்குச்சாவடி, இரண்டாம் நாள் மாதிரிச் சட்டமன்றம், இடையில் ஓர் உரை, கிளம்பும்போது ஒரு கையேடு. இதைப் பல கல்வியாண்டுகள் பள்ளிகளில் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் நாளைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும்.

காரணம் எளிது. வாக்குச்சாவடி ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் போனவர்கள் இருக்கிறார்கள். தலைமை வாக்குப்பதிவு அலுவலராக இரவெல்லாம் இயந்திரத்தோடு விழித்திருந்தவர்கள் இருக்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன் மாதிரி வாக்காகக் குறைந்தது 50 போட வேண்டும், பிறகு க்ளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில் பொத்தான்களை அழுத்த வேண்டும், மாதிரி வாக்கின் விவிபாட் (போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டையும் பதிவான வாக்குகளின் 17சி கணக்கையும் தூக்கத்தில்கூட நிரப்புவார்கள். அவர்களுக்கே மறுபடியும் அரை நாள் செலவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியைப் படம் போட்டு விளக்குவது வீண்.

அவர்களுக்குத் தேவைப்படுவது நடைமுறைக்குப் பின்னால் இருக்கும் ‘ஏன்’. நோட்டா அதிக வாக்கு வாங்கினால் மறுதேர்தல் வரும் என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் உண்டு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அப்படி ஒரு விதி கிடையாது. நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவரே வெற்றி பெறுவார். பயிற்சியில் இதைச் சொன்னால் மட்டும் போதாது, கணக்காகப் போட வைக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற எண்கள் இவை. வகுப்பில் 44 பேர். நான்கு வேட்பாளர்களுக்கு 14, 11, 8, 7, நோட்டாவுக்கு 4. மற்ற மூன்று வேட்பாளர்களுக்கும் சேர்த்து 26 பேர் வாக்களித்திருக்கிறார்கள்; ஆனாலும் வென்றவர் அவரே. அடுத்தது டெபாசிட். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். நோட்டாவையும் சேர்த்து 44-ஐ ஆறால் வகுத்தால் 7.33 வருகிறது, ஏழு வாக்குக்காரர் டெபாசிட் இழக்கிறார். ஆனால் இந்தக் கணக்கில் நோட்டா சேராது. 40-ஐ ஆறால் வகுத்தால் 6.67, அவர் தப்பிக்கிறார். மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்படி விட்டால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிடும். டெபாசிட் எதற்கு என்று கேட்டால் நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது: 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். அப்போது பொதுப்பிரிவு வேட்பாளருக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டில் 5,000 ஆயிற்று, இப்போது 10,000. பட்டியலின, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. சென்னைக்குள்ளேயே உதாரணம் வேண்டுமானால் 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் இருக்கிறது. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்கள்தான் அடங்கும். 59 வேட்பாளர்களோடு நோட்டாவும் சேர்ந்ததால் சாவடிக்கு நான்கு கருவிகள் வேண்டியிருந்தன.

வகுப்பறையில் மாதிரித் தேர்தல் நடத்தும்போது தவறுவது பெரும்பாலும் நேரக் கணக்கு. பெயர் பார்த்து, கையெழுத்து வாங்கி, மை வைத்து, வாக்குப் போட ஒருவருக்கு ஏறக்குறைய 40 நொடி ஆகும். 44 பேருக்கு ஒரே சாவடி என்றால் அரை மணி நேரம் போய்விடும். 45 நிமிடப் பாடவேளையில் எண்ணுவதற்கு இடம் இருக்காது. எண்ணாத தேர்தல் பாதிப் பாடம்தான். ஆகவே இரண்டு சாவடிகள் அமையுங்கள். வருகைப் பதிவேட்டில் முதல் 22 பேர் ஒரு பாகம், மீதி 22 பேர் இன்னொரு பாகம். உண்மையான வாக்காளர் பட்டியலும் பாகம் பாகமாகத்தான் இருக்கிறது என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். பயிற்சிகளில் பரிந்துரைக்கப்படும் கைப்பேசி வாக்கு இயந்திரச் செயலிகளைத் தவிர்ப்பது நல்லது. பலவற்றில் வாக்கு விழ விழ எண்ணிக்கை திரையிலேயே தெரிகிறது. அடுத்து வருபவர் யார் முந்துகிறார் என்று பார்த்துவிட்டு வாக்குப் போடுகிறார். ஏ4 தாளை எட்டாக வெட்டிய சீட்டு போதும். சீட்டில் மாணவரின் வரிசை எண்ணை மட்டும் எழுதிவிடக் கூடாது. எழுதினால் இரகசியம் போயிற்று. அழியாத மையில் இருப்பது சில்வர் நைட்ரேட், தோலில் வாரக்கணக்கில் நிற்கும். வகுப்புக்கு மார்க்கர் பேனா போதும்.

சின்னம், நிறம் இரண்டிலும் கவனம் தேவை. கறுப்பு-சிவப்போ, பச்சையோ, காவியோ, எந்தக் கொடியை ஒட்டினாலும் சென்னைப் பிள்ளைகள் ஒரு கட்சியைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாலும் அப்படித்தான். ஆகவே வண்ணமே இல்லாத வெள்ளைத்தாளும் அளவுகோல், மணி, கரும்பலகை மாதிரியான சின்னங்களும் பாதுகாப்பானவை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். தங்கள் ஆசிரியர் எந்தக் கட்சி என்று மாணவர்கள் ஊகிக்கத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு அவர் சொல்லும் எதையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

முதல் நாளில் சேர்க்க வேண்டிய ஒன்றே ஒன்று படிவம் 20. தொகுதியின் இறுதி முடிவைச் சாவடிவாரியாகக் காட்டும் தாள் அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். பெரும்பாலான அரசு, மாநகராட்சிப் பள்ளிகளே வாக்குச்சாவடிகளாக இருப்பதால், தன் பள்ளிச் சாவடியின் எண்களை வைத்தே ஆசிரியர் சதவீதம் போட வைக்கலாம். வேட்பாளர் பெயர்களை மறைத்து அ, ஆ, இ என்று மாற்றிவிட்டுத்தான் தாளைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தெரு எந்தக் கட்சி என்ற பேச்சில்தான் வகுப்பு முடியும்.

இனி இரண்டாம் நாள். ஆண்டுகள் போனாலும் ஆசிரியர்கள் கைவிடாத பயிற்சி இதில்தான் இருக்கிறது: புகாரைக் கேள்வியாக மாற்றுவது.

முதல் படி, புகாரைப் பிரிப்பது. ஒவ்வொருவரும் தம் பகுதிக் குறை ஒன்றைச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு அது யாரிடம் கேட்க வேண்டியது என்று மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை என்றால் பெருநகர சென்னை மாநகராட்சி; 200 வார்டுகள், ரிப்பன் மாளிகை மன்றக் கூட்டத்தில் கேட்க வேண்டியவர் மாமன்ற உறுப்பினர். மாநகரப் பேருந்து மாநில அரசுடையது; குடிநீர் வாரியமும் மாநிலச் சட்டத்தின்படி அமைந்தது. இரண்டையும் கோட்டையில் கேட்கலாம். புறநகர் மின்சார ரயில் ஒன்றிய அரசின் ரயில்வேயைச் சேர்ந்தது. அதைக் கேட்க வேண்டியவர் மக்களவை உறுப்பினர். மெட்ரோ ரயில் நிறுவனம் இரண்டு அரசுகளுக்கும் பொது.

வேளச்சேரியில் மழைநீர் தேங்குகிறது என்ற ஒரே சீட்டை எடுத்தால் அரை மணி நேரம் விவாதம் நடக்கும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, ஏரி நீர்வளத் துறையுடையது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் காப்புக்காடு வனத் துறையுடையது, பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் பலர் எல்லாச் சீட்டையும் எம்எல்ஏ குவியலில்தான் போடுவார்கள். நடைமுறையில் எம்எல்ஏ அலுவலகத்துக்குப் போனால் வேலை நடக்கிறது என்பதால் அந்தத் தவறு இயல்பானதே. அதைத் தவறு என்று வெட்டிவிடாமல், “பரிந்துரைப்பது வேறு, அவையில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் வேறு” என்று பிரித்துக் காட்டும் பயிற்றுநர் வேண்டும்.

இரண்டாம் படியில் அவையின் நடையில் எழுதுகிறார்கள். “எங்க ஏரியாவுல ஏன் பஸ்ஸே வர்றதில்ல?” என்பது புகார். அதையே “வேளச்சேரியிலிருந்து காலை நேரத்தில் கூடுதல் மாநகரப் பேருந்துகள் இயக்க அரசு ஆவன செய்யுமா?” என்று எழுதினால் போக்குவரத்துத் துறை அமைச்சர் பதில் சொல்லித் தீர வேண்டிய கேள்வி. கருத்து, குற்றச்சாட்டு, ஊகம் மூன்றையும் நீக்கினால் தகவலைக் கேட்பதும் நடவடிக்கையைக் கேட்பதும் மட்டும் மிஞ்சும். மூன்றாம் படியில் ஒருவர் அமைச்சராகிறார். துறைக்கான நிதிக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையோடு வெளியாகும் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்து இரண்டு பக்கம் அவர் கையில் இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் கோரிக்கை எண் 43. ஆசிரியர்களுக்கு மிகவும் பழகிய விஷயம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். துணைக் கேள்வியில்தான் சிக்கல் வரும்: முன்கூட்டியே எழுதி வைத்து வாசித்துவிடுகிறார்கள், அமைச்சரின் பதிலுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. பதில் முடியும்வரை யார் கையிலும் பேனா இருக்கக் கூடாது என்று விதி வைத்தால் சரியாகிவிடும். ஒரே பாடவேளையில் முடிகிறது, செலவு இல்லை, எந்த வகுப்புக்கும் பொருந்தும். பயிற்சி முடிந்து நெடுநாள் கழித்தும் இது புழக்கத்தில் இருப்பதற்கு இந்த மூன்றும்தான் காரணம்.

மாதிரிச் சட்டமன்றத்தின் கதை வேறு. பயிற்சி அரங்கில் கைதட்டல் வாங்கும். பள்ளியில் ஓராண்டுக்கு மேல் நிற்காது. தொலைக்காட்சியில் பார்த்த கூச்சலும் வெளிநடப்பும் முதல் பத்து நிமிடத்தை விழுங்கிவிடும், பிறகு சட்ட முன்வடிவு ஒரே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். பிரிவு பிரிவாக ஆய்வு செய்யும் கட்டம் முழுவதும் விட்டுப்போகும். சட்டமன்றத்தின் உண்மையான வேலை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இதைக் காப்பாற்றுவதற்கான அமைப்பு: 44 பேரில் 39 பேர் உறுப்பினர்கள், பேரவைத் தலைவரும் அதில் ஒருவர். மீதி ஐவரில் செயலாளர், ஆளுநர், அவைக் காவலர் தலா ஒருவர், குறிப்பெடுப்பவர்கள் இருவர். அமைச்சரவை முதலமைச்சரையும் சேர்த்து 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் ஐந்து பேர். 234 பேர் கொண்ட உண்மைப் பேரவையில் 35. அவை நடக்க வந்திருக்க வேண்டிய குறைவெண் வரம்பு பத்து பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது: வகுப்பில் 10, கோட்டையில் 24. ஆளும் தரப்பில் பேரவைத் தலைவர் நீங்கலாக 20 பேர், எதிர்த்தரப்பில் 18 பேர். வாக்கெடுப்பன்று ஆளும் தரப்பில் இருவரை விடுப்பில் வைத்தால் 18-க்கு 18. பேரவைத் தலைவர் எப்போது வாக்களிப்பார், கொறடா எதற்கு என்ற இரண்டு கேள்விக்கும் அப்போது விளக்கமே தேவைப்படாது.

முன்வடிவு நான்கு பிரிவுகளுக்கு மேல் போகக் கூடாது. விளையாட்டுத் திடலை வகுப்புகளுக்கிடையே பகிர்வது பற்றிய முன்வடிவு நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் பிரிவில் ஒரு குறையை வேண்டுமென்றே வையுங்கள். ‘மாணவர்கள்’ என்று சொல்லிவிட்டு, மாணவிகளுக்கு நேரமே ஒதுக்காமல் விடலாம். திருத்தங்களை முந்தைய நாளே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகளை முடித்துவிட்டு, சட்டத்தின் பெயரைச் சொல்லும் குறுந்தலைப்பு இருக்கும் முதல் பிரிவைக் கடைசியில் எடுங்கள். மூன்று பாடவேளைகள் வேண்டும்; ஒரே நாளில் அடைக்காமல் வாரத்துக்கு ஒன்றாக வைத்தால்தான் நடக்கிறது.

கையேடுகளில் பழசாகிப்போன தகவல் நிறைய. ஆங்கிலோ-இந்திய நியமன உறுப்பினரைச் சேர்த்துப் பேரவை உறுப்பினர்கள் 235 என்று போட்ட தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. அந்த நியமனம் 2020 ஜனவரியோடு முடிந்தது. வாக்காளராகச் சேர ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள் என்ற வரியையும் அடிக்க வேண்டும்; இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள், 17 வயது முடிந்தவர் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நேரடியாக உதவும் தகவல் இது. சட்ட முன்வடிவுகளுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய, அரசியல் சாசனத்தின் 200-வது உறுப்பு இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ஒப்புதலுக்குக் காலவரம்பு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவரின் வினாக்களுக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்க முடியாது என்றது. இரண்டுக்கும் இடையில் அச்சான கையேடு முதல் பாதியை மட்டும் சொல்லும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தத் தேதி வரை சரி’ என்று அச்சிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

கருத்தாளர்களில் அதிகம் பயன்பட்டவர்கள் இரண்டு வகையினர்: தேர்தல் பிரிவில் பணியாற்றிய வட்டாட்சியர் நிலை அலுவலர்கள், சட்டமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். கேள்வி எப்படி ஏற்கப்படுகிறது, எப்படித் தள்ளப்படுகிறது என்பதைக் கோப்பு நடைமுறையோடு சொல்லக்கூடியவர்கள் இரண்டாம் வகையினர்தான். பதவியில் இருக்கும் அரசியல்வாதியை அழைத்தால் அந்த நேரம் உரையாகவே கழிந்துவிடுகிறது.

தேர்தல் ஆண்டில் ஜனவரி முதல் மே வரை இந்தப் பயிற்சியை வைக்கவே கூடாது. பாதிப் பேர் வாக்காளர் பட்டியல் வேலையிலும் தேர்தல் வகுப்புகளிலும் இருப்பார்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது மாதிரித் தேர்தல் நடத்தப் பள்ளிகளும் தயங்கும். ஜூலை, ஆகஸ்ட் பொருத்தமான மாதங்கள். தொடர் கூட்டத்தை இரண்டு மாதம் கழித்து, அருகிலுள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்திலேயே வைக்கலாம். அதற்கு வரும் ஆசிரியர்களிடம் மாதிரித் தேர்தல் புகைப்படங்களைக் கேட்காமல், தம் மாணவர்கள் எழுதிய கேள்விகளில் ஐந்தை எடுத்துவரச் சொல்ல வேண்டும். எந்தக் கேள்வி எந்த அவைக்கு உரியது, எதில் இன்னும் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சக ஆசிரியர்கள் உட்கார்ந்து திருத்த ஒன்றரை மணி நேரம் போதும்.