வீட்டுப் பராமரிப்பு சேவை: கேரருக்கு ஐந்து ஸ்டார், கவுன்சிலுக்கு மூன்று

இங்கிலாந்தில் எங்கள் அம்மாவுக்குக் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) ஏற்பாட்டில் ஒரு ஏஜென்சியிலிருந்து கேரர்கள் (பராமரிப்பு ஊழியர்கள்) வீட்டுக்கு வருகிறார்கள், ஒன்றரை வருடமாகிறது. அம்மா இன்னும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறார், அதனால் யார் பெயரையும் போடவில்லை. அவருடைய சேமிப்பு 23,250 பவுண்டு என்ற வரம்புக்குக் கீழே என்பதால் செலவில் ஒரு பங்கை அவர் கட்டுகிறார், மீதியைக் கவுன்சில் தருகிறது.

கேரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வலது தோளைத் தூக்க முடியாது என்பதை யாரும் சொல்லாமலே கவனித்து, ஸ்வெட்டரின் வலது கையை முதலில் மாட்டிவிடுகிற ஆள் காலையில் வருகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொல்லை வேறு இடத்தில். அம்மா ஒருமுறை விழுந்து மருத்துவமனை போய் வந்த பிறகு, குளிக்க வைக்கக் காலை முக்கால் மணி நேரம் போதவில்லை. ஏஜென்சியில் கேட்டால் கவுன்சில் கேர் பிளானை (எந்த உதவி, எவ்வளவு நேரம் என்ற திட்டத்தை) மாற்ற வேண்டும் என்றார்கள், கவுன்சிலில் கேட்டால் ஏஜென்சி எழுதி அனுப்பட்டும் என்றார்கள், இப்படியே ஏழு வாரம் நான் இரண்டு பக்கமும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஏழு வாரமும் கேரர் தினமும் கால் மணி நேரம் கூடவே இருந்தார். வந்ததும் போவதும் அவர் போனில் பதிவாகும், ஆனால் பிளானில் இல்லாத நிமிடத்துக்குக் கவுன்சில் பணம் தராது. சீக்கிரம் முடித்தால் மட்டும் கணக்காகப் பிடித்துக்கொள்வார்களாம்!

ஏஜென்சி மேனேஜரிடம் ஒருநாள் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படாமல் கணக்கைச் சொன்னார். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டானது, முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 15 சதவீதமானது, ஆனால் அந்த வருடத்துக்கு மணிக்கு எவ்வளவு தருவோம் என்பதைக் கவுன்சில் ஜூனில்தான் சொன்னது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாச் செலவையும் கூட்டி அந்த வருடத்துக்கு நியாயமான விலை என்று சொன்னது மணிக்கு 32.14 பவுண்டு, தங்களுக்குக் கிடைப்பது அதற்குக் கீழே என்றார். சேவை தருபவர்கள் தாக்குப்பிடிக்கும்படி பார்த்துக்கொள்வது கவுன்சிலின் கடமை என்று 2014 கேர் ஆக்டே சொல்கிறது. சட்டம் இருந்து என்ன, கவுன்சிலும் ஏஜென்சியும் அதுவரை இன்வாய்ஸ் தகராறுக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் கவுன்சிலில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஆள் மாறினார். புதியவர் மாதம் ஒருமுறை ஏஜென்சி அலுவலகத்துக்கே போய் உட்காருகிறார். அம்மாவின் கேர் பிளான் ரிவ்யூவுக்கு சோஷியல் ஒர்க்கரும் ஏஜென்சி சூப்பர்வைசரும் எங்கள் சமையலறையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள், எனக்கு அதுவே அதிசயம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரை சூப்பர்வைசரே கூட்டலாம், பிறகு எழுதி அனுப்பினால் போதும் என்று முடிவானது. குளிர்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுச்சளி கட்டியபோது அன்று மாலையே கூடுதல் நேரம் கிடைத்தது. அதே கேரர், அதே ஏஜென்சி.

புதிதாகத் தேடுகிறவர்கள் ஏஜென்சிக்குச் சிகியூசி (பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பு) தரும் ரேட்டிங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2023 முதல் சிகியூசி கவுன்சில்களையும் மதிப்பிடுகிறது, அந்த அறிக்கையில் சேவை தருபவர்கள் கவுன்சிலைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் படியுங்கள். கேரர் அரை மணிக்கும் குறைவாக வந்து போவார் என்று பிளானில் இருந்தால் காரணம் கேளுங்கள். பழக்கமான கேரராக இருந்து, செய்யும் வேலைக்கு அந்த நேரம் போதுமானால்தான் அப்படி வைக்கலாம் என்று நைஸ் (மருத்துவ, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வெளியிடும் அமைப்பு) 2015-லேயே சொல்லியிருக்கிறது.

சரி, கவுன்சிலுக்கு ஏன் மூன்றுதான்? பில் பிரிவுக்கு இந்த நட்பெல்லாம் இன்னும் எட்டவில்லை. அம்மா மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளைக்கும் அவர் பங்கைக் கேட்டுப் பில் வந்தது, கேரர் வரவில்லை என்று ஏஜென்சி அன்றே தெரிவித்திருந்தும். மூன்று முறை எழுதிவிட்டேன், போன வாரம் வந்த பில்லிலும் அந்த ஒன்பது நாள் அப்படியே இருக்கிறது.